தோட்டவெளிக் கோயிலுக்குப் போன வெளிச்சம்

அடம்பனிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த லொறி ஒன்று தோட்டவெளியில் எங்கள் இன்ரநெற் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டதாகக் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. ஊறப்போட்டிருந்த உடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

வானை ஓட்டி வந்தவர் என்னோடு வேலை செய்யும் தாராபுரத்துக்காரர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். நாங்கள் போய்ச் சேர முன்பே கோயில் பாதர் கம்பத்தடியில் நின்றார்.

“பிள்ளை, பத்து மணிக்குக் கலியாணப் பூசை. மாப்பிள்ளையின்ர அம்மா இன்னும் இந்தியாவில அகதி முகாமிலதான் இருக்கிறா. பத்திரங்கள் சரிவரேல்லை. போனிலதான் பாக்கப்போறா. கோயிலுக்குள்ள சிக்னலும் எடுக்காது, இந்த லைன்தான் ஒரே வழி.”

நானும் அப்படியொரு முகாமில் பிறந்து, அங்கேயே படித்து, பிறகு இங்கே திரும்பியவள். அவர் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பத்தில் இருந்த கறுப்புப் பெட்டியை இறக்கி வானுக்குள் கொண்டுபோனோம். மன்னார்க் காற்றில் வெளியே இருந்து இந்த வேலை செய்ய முடியாது. தலைமயிர் போன்ற கண்ணாடி இழையில் ஒரு துகள் மணல் பட்டாலும் ஒட்டு கெட்டுவிடும். பெட்டிக்குள் ஒரு தட்டு இருக்கும். எங்கள் நகரத்துக் கந்தோரின் இணைப்புப் பலகையிலிருந்து வரும் இழைகளையும் ஊருக்குள் போகும் இழைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, அதில் வளையமாகச் சுற்றி வைப்போம். லொறி கந்தோர்ப் பக்கத்துக் கேபிளை மட்டும் பிடுங்கியிருந்தது. ஊர்ப் பக்கத்து இழைகள் தட்டில் பழையபடி கிடந்தன. மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒட்டிப் பூட்டிய பெட்டி அது.

நானா இழையின் தோலை உரித்து ஸ்பிரிட்டால் துடைத்துத் தந்தார். நான் நுனியை வெட்டி ஒட்டும் மெசினில் வைத்தேன். பன்னிரண்டு இழைகளையும் ஒட்டி முடிக்க ஒன்பது மணி கடந்துவிட்டது. நானா வெளிச்சத்தை அளக்கும் மீற்றரோடு போய், கோயிலின் வெளிச்சுவரில் லைன் ஏறும் இடத்திலிருந்து அழைத்தார்.

“தங்கச்சி, வெளிச்சம் வருது. ஆனா நல்லாக் குறைவு. படம் நிண்டு நிண்டுதான் போகும்.”

பின்னால் பாதரின் குரல் கேட்டது. “அது எப்பவும் அப்பிடித்தானே! ரவுட்டரை ரெண்டு தரம் மாத்தியும் பாத்திட்டினம்.”

எப்பவும் என்றால் பிழை லொறியால் வந்ததில்லை; மூடியில் இருந்த என் கையெழுத்தைத் திரும்பப் பார்த்தேன்.

“நானா, அந்தப் பக்கத்தால இழைக்குள்ள சிவப்பு லைற்றை அடியுங்கோ.”

வான் கண்ணாடியைத் துணியால் மறைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தேன். மூடியின் விளிம்பு அழுத்தும் மூலையில் ஓர் அரிசி அளவு சிவப்பு மினுங்கியது. இழை அந்த இடத்தில் இறுக்கமாக மடிந்திருந்தது. மடிந்த இடத்தால் வெளிச்சம் கசியும். அன்று அவசரத்தில் மூடியை அமத்திப் பூட்டியவள் நான்தான்.

மடிந்த துண்டை வெட்டி எறிந்தேன். திரும்ப ஒட்டி, இழையை அகல வளையமாக விட்டேன்.

“இப்ப எப்பிடி நானா?”

“மாஷா அல்லாஹ், முழுசா வருது!”

பாதரிடம் நானே போய்ச் சொன்னேன். “பாதர், பிழை ரவுட்டரில இல்லை. நான்தான் இழையை மடிச்சு வைச்சிருந்தனான்.”

அவர் சிரித்தார். “நாலு வருசமா அந்த ரவுட்டரை எவ்வளவு ஏசிப்போட்டன்! பாவசங்கீர்த்தனத்துக்கு இப்ப நான்தான் போகவேணும்.”

பூசையைப் பக்கவாசலில் நின்று பார்த்தோம். மாப்பிள்ளையின் தங்கை போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். தாலி கட்டி முடிந்ததும் அவன் திரும்பி, “அம்மா, தெரியுதா?” என்றான்.

“தெரியுது ராசா. உன்ர கொலர் ஒரு பக்கம் மடிஞ்சு கிடக்கு, சரியாக்கு.”

கோயில் முழுக்கச் சிரித்தது. அவன் கொலரைச் சரிசெய்துகொண்டே அழுதான். கொலர் மடிந்திருப்பதே தெரிகிறது என்றால் படம் தெளிவாகத்தான் போகிறது என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது.

கலியாண வீட்டார் சாப்பிடாமல் போக விடவில்லை. வயிறு நிறைந்த பிறகு பெட்டியைத் திரும்பத் திறந்து, மற்றப் பதினொரு இழைகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி அடுக்கினேன். நானா முன் இருக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப எனக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.