நர்சீஸின் வலது புருவம்

ரெமேயின் பெயரை நீங்கள் எந்தச் சுவரிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்சிலோனாவின் வங்கிகளிலும் ஓட்டல்களிலும் தொங்கும் பெரிய சித்திரக் கம்பளங்களில் பாதி அவள் கை நெய்தவை. ஓரத்தில் இருப்பதோ ஓவியர்களின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தையும் அவளேதான் நெய்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவள் மட்டும், "விடுடி நேவுஸ், அவங்களுக்கு நூல் கோக்கத் தெரியுமா, பாவம்," என்று சிரிப்பாள்.

சான் குகாட் ஊரின் நெசவுப் பட்டறையில் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தக்காளி தேய்த்த ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்றவர்கள் நாங்கள். எங்கள் தறியில் நெய்கிறவள் கம்பளத்தின் பின்பக்கம்தான் உட்காருவாள். முன்முகம் அந்தப் பக்கம் இருக்கும். அதனால் ஓவியத்தை இடவலமாகத் திருப்பி வரைந்துதான் எங்களிடம் தருவார்கள். அப்போதுதான் முன்பக்கத்தில் அது நேராக வரும். நெய்த பகுதி உருளையில் சுருண்டுகொண்டே போகும். அறுத்து இறக்கும் நாளில்தான் முழுசாகப் பார்க்க முடியும்.

ஒரு செப்டம்பரில் வெள்ளம் வந்து, பக்கத்து ஊரான ருபியில் ஓடையோரத்து வீடுகளை வாரிக்கொண்டு போனதே, அதில் ரெமேயின் வீடும் போனது. உள்ளே அவளுடைய ஒரே மகன் நர்சீஸ். கண்ணை மறைக்க முடி வளர்த்துக்கொண்டு திரிந்த பிடிவாதக்காரன். பட்டறையில் அவசர வேலை என்று ரெமேய் அன்று வீட்டுக்குப் போகவில்லை. அவன் உடல் கிடைக்கவில்லை. ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை.

"முகம் மறந்துட்டே வருதுடி," என்றாள் ஒருநாள். "காலைல எழுந்தா அவன் மூக்கு ஞாபகம் வரல. நானெல்லாம் பெத்தவளா?"

வாடகை அறையில் சின்னத் தறி ஒன்றைப் போட்டு, முதன்முதலாகத் தனக்கென்று நெய்ய ஆரம்பித்தாள். பார்த்து நெய்யப் படம் கிடையாது. மனசில் இருந்ததைக் கை நெய்தது.

அறுத்து இறக்கிய அன்று நானும், கண்காட்சி நடத்தும் பொஃபருல் என்பவரும் கூட இருந்தோம். முன்பக்கம் தெரியும்படி விரித்தோம். நர்சீஸ் எங்களைப் பார்த்தான்.

"பிரமாதம்மா," என்றார் பொஃபருல். "இந்தத் தடவை உங்க பேர்லயே மாட்டுறோம்."

ரெமேய் குனிந்து அவன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இது என் பையன் இல்ல," என்றாள்.

சின்ன வயதில் படியில் விழுந்து அவனுக்கு வலது புருவத்தில் தழும்பு. விரித்துக் கிடந்தவனுக்கு அது இடது புருவத்தில் இருந்தது. திருப்பி நெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் செய்த வேலையாயிற்றே. ஆனால் பிள்ளையே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி முகம் எழும்பும்போது, தழும்பு எங்கே இருந்ததோ அங்கேதான் பெற்றவள் கை போகும்.

"யாருக்கும்மா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே ஐயா."

கம்பளத்தைத் தூக்கி, பின்பக்கம் வெளியே தெரியும்படி கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். முடிச்சும் நூல்நுனியுமாக ஒரே தொங்கல். அதற்குள்ளே, வலது புருவத்தில் தழும்போடு நர்சீஸ் இருந்தான்.

"இப்படி மாட்டினா ஊரே சிரிக்கும்மா," என்று சொல்லிவிட்டுப் பொஃபருல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவள் பெயரில் மாட்டவிருந்த ஒரே கம்பளம் அதுதான்.

நூல்நுனிகள் அவன் கண்மேல் விழுந்து கிடந்தன. நறுக்கிவிடலாம் என்று நான் கத்தரியை எடுத்தேன்.

"கைய எடுடி," என்றாள் ரெமேய். "முடி வெட்டிக்கோன்னு நான் சொன்னா அவன் என்னிக்குக் கேட்டான்?"

விரலால் ஒதுக்கிவிட்டாள். நூல் மறுபடி விழுந்தது. மறுபடி ஒதுக்கினாள்.