ஒரே பிரேமில் எல்லா அதிபர்களும்

ஆட்சி மாறிவிட்டது என்று அந்தத் தெருவுக்கு வானொலி வந்து சொல்ல வேண்டியதில்லை. பிரேம் கடை வாசலில் அரசாங்க வேன் நின்றால் போதும். அலுவலகச் சுவர்களிலிருந்து கழற்றிய படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும். பழைய அதிபர் தரையைப் பார்த்தபடி கடைக்குள் போவார். புதியவர் சிரித்தபடி வெளியே வருவார்.

கடையை நடத்துபவரைத் தெருவே பிரேம் அக்கா என்றுதான் கூப்பிடும். ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வர்றவனையும் பிரேம் போட்டுச் சுவத்துல மாட்டிடுவேன்னு பயந்துட்டாங்க" என்பார். கடை அப்பாவிடமிருந்து வந்தது, கோபமும் அங்கிருந்துதான். கண்ணாடி வெட்டும்போது அவர் கை நிதானமாக இருக்கும். வாய் அப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் கடவுளை.

இதனால் அவருக்குப் பக்தி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வாரம் தவறாமல் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவார். மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டே வேண்டுவார், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்லப் போனவரைப் போல. "பொறுப்புல இருக்கிற ஆள் கிட்டதானே சண்டை போட முடியும்? பியூன் கிட்ட போட்டு என்ன ஆகப்போகுது?" என்று ஒருமுறை கூடத்துப் பெரியவரிடமே கேட்டிருக்கிறார்.

அப்பா விட்டுப்போன தொழில்முறை ஒன்று உண்டு. ஆள் மாறினால் அவர் பழைய படத்தைத் தூக்கி எறிய மாட்டார். அதன் மேலேயே புதுப் படத்தை வைத்து, கண்ணாடியைப் போட்டு, பின்னால் ஊசி ஆணி அடித்துவிடுவார். அரசாங்கப் படங்கள் கெட்டி அட்டையில் ஒட்டி வருபவை. தனியாகப் பின்னட்டை வாங்க வேண்டாம். அதோடு, துரத்தப்பட்ட ஓர் அதிபர் ஒருமுறை திரும்பி வந்தபோது, அப்பா இரண்டு அட்டையை இடம் மாற்றி அரை நாளில் வேலையை முடித்தார். மற்ற கடைக்காரர்கள் படம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். "எந்த முகத்தையும் வீசாதே. அடுத்தவனுக்கு முதுகா இருக்கட்டும்" என்பது அவர் சொல். அக்காவும் அப்படியே செய்துவந்தார். நகர அலுவலகத்தின் பெரிய கூடத்தில் தொங்கும் ஆளுயரப் பிரேமுக்குள் நாட்டின் மொத்த வரலாறும் முகத்தோடு முதுகாக ஒட்டிக் கிடந்தது. அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. பிரேமின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

அக்காவுக்கு ஒரே தம்பி. நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் பேருந்தில் ஒரு நாள் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. அதே நேரம் அதிபரின் வண்டிகள் வருகின்றன என்று சாலையை அடைத்துவிட்டார்கள். தம்பி இறங்கிப்போய்க் கெஞ்சினார். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர இவர் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி ஏறி உட்கார்ந்து, தடுப்பை இடித்துத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தினார். குழந்தை பிழைத்தது. தம்பியை ஸ்டியரிங்கிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அதிபரை அவமதித்த குற்றம். விசாரணை எப்போது என்று கேட்டால், "வரும்" என்பதே பதில்.

அந்த வாரம் பிரார்த்தனைக் கூடத்தில் அக்கா போட்ட சண்டையை முன்வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். "நீதானே ஒருத்தனை உட்கார வெக்கிறே, ஒருத்தனை இறக்கறே? அப்ப இவனை உட்கார வெச்சதும் நீதான். உன் ஆள் பண்ண வேலையைப் பாரு. நான் யார் கிட்ட போய்க் கேட்கிறது? சொல்லு!"

பெரியவர் பதறிப்போய் வந்தார். "மெல்லப் பேசும்மா, வெளியில காது இருக்கு. ஆளுறவங்க ஆண்டவன் சித்தத்தாலதான் ஆளுறாங்க. அடங்கிப் போறதுதான் நமக்கு அழகு."

"அடங்கிப் போகத்தான் என் தம்பி உள்ள இருக்கானா? நான் உங்க கூட பேசலைங்க. அவர் கூட பேசிக்கிட்டிருக்கேன். நடுவுல வராதீங்க."

அப்போதுதான் நகர அலுவலக அதிகாரி கடைக்கு வந்தார். தெரு அவருக்கு வைத்த பெயர் ஜால்ரா. முன்னால் இருந்த அதிபருக்கும் இவர்தான் தட்டினார், அதே தாளத்தில். அதிபர் பதவியேற்ற ஆண்டு விழா வருகிறது. அதற்காகப் புதுப் படம், பதக்கங்களோடு. பலகைக் கனமான அட்டையில் ஒட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அலுவலகக் கூடத்துப் பெரிய பிரேமில் மறுநாள் காலைக்குள் அது ஏற வேண்டும்.

"இன்னொரு விஷயம்மா," என்று குரலைத் தணித்தார். "விழாவுல நீங்க மேடைக்கு வந்து, படத்துக்கு முன்னாடி குனிஞ்சு, என் தம்பி செஞ்சது தப்பு, மன்னிச்சிடுங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். பத்திரிகைக்காரங்க இருப்பாங்க. சாயங்காலமே தம்பி வீட்டுல இருப்பான். நான் பொறுப்பு."

"பிரசவத்துக்கு வண்டி ஓட்டினது தப்பா?"

"தப்பா ரைட்டான்னு நான் கேட்கல. சொல்வீங்களான்னு கேட்கிறேன்."

அவர் போனதும் தம்பி மனைவி உள்ளறையிலிருந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் உள்ளே போனதிலிருந்து அவள் கடையில்தான் அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாள். "அண்ணி, உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனா உங்க கோபத்துக்கு அவர் உள்ள கிடக்கணுமா? ரெண்டு வார்த்தைதானே. எனக்காகச் சொல்லிடுங்க."

அக்கா வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு, "சரி, சொல்றேன். அழாதே. கண்ணாடி மேல விழுது" என்றார்.

பிரேம் வந்து இறங்கியது. கண்ணாடியும் படமும் உட்காரும் பள்ளத்தைத் தச்சர்கள் காடி என்பார்கள். ஆணியைப் பிடுங்கிப் பார்த்தபோது காடி நிரம்பிக் கிடந்தது. பலகைக் கனத்தில் புதுப் படத்தை வைத்ததும் அது வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பழைய முகங்களில் ஒன்றை எடுத்துவிட்டால் முடிந்தது வேலை. முந்தைய அதிபரின் படத்தை வைத்திருப்பதே குற்றம் என்று சட்டமும் இருந்தது, எரித்துவிடச் சொல்லியிருந்தார்கள். அன்று வேறு எந்தக் கடைக்காரராக இருந்தாலும் எடுத்திருப்பார். ஆனால் எந்த முகத்தையும் வீசாத கை அது. தவிர, அக்கா வேலையைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மறுநாள் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையை வாய் ஒத்திகை பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் அது பாதியிலேயே வசவாக மாறிவிடுகிறது. அந்த எரிச்சலையெல்லாம் சுத்தியலில் இறக்கினார். அட்டைகளை முழங்காலால் அமுக்கி, ஆணிகளைச் சாய்த்து அடித்து, மேலே பழுப்புக் காகிதம் ஒட்டி மூடினார்.

"இவனைத் தாங்கிக்கோ," என்றார் பிரேமைப் பார்த்து. "நானும் நாளைக்குத் தாங்கிக்கணும்."

விழாவில் கூட்டம் இருந்தது. அலுவலக ஊழியர்கள், பள்ளிகளிலிருந்து அழைத்து வந்த ஆசிரியர்கள், கேமராக்காரர்கள். சுவரில் துணி மூடிய பிரேம். ஜால்ரா ஒரு கயிற்றை இழுத்தார். துணி பிரேமின் மூலையில் மாட்டிக்கொண்டது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். பிரேம் ஆடி, சுவரில் இடித்தது.

முதலில் கேட்டது பழுப்புக் காகிதம் கிழியும் சத்தம். பிறகு ஆணிகள் தரையில் தெறித்தன. பிரேமின் அடிச்சட்டம் விட்டுக்கொடுத்து வாயைத் திறந்தது, கண்ணாடி நொறுங்கியது. அதிபர்கள் இறங்கத் தொடங்கினார்கள். பதக்கக்காரர் முன்னால் விழுந்தார். அவர் மேல் அவரே, போன வருடத்து முகத்தோடு. பிறகு பெயரைச் சொல்லவே கூடாத முந்தையவர். அவருக்கு முந்தையவர். துரத்தப்பட்டுத் திரும்பி வந்தவர். கடைசியாக ஒரு மஞ்சள் படம், யாரென்று பாதிப் பேருக்கு அடையாளமே தெரியவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு தரையில் விரிந்து கிடந்தார்கள்.

பின்வரிசையில் ஓர் ஆசிரியைக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

ஜால்ராவின் முகம் வெளுத்தது. முந்தையவரின் படத்தைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். எத்தனையோ முறை குனிந்து கும்பிட்ட முகம் அது. "சீக்கிரம்!" என்று அக்காவின் காதில் சீறினார். "இதைப் பிறகு பேசிக்கிறேன். இப்ப மைக்குல போய் ரெண்டு வார்த்தையைச் சொல்லு!"

அக்கா மைக் முன்னால் போய் நின்றார். சொல்லத்தான் போனார், தம்பி மனைவி முதல் வரிசையில் கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் குனிய வேண்டிய இடத்தில் அந்த முகங்கள் கிடந்தன. இவர்களில் யார் முன்னால் குனிவது? ஒவ்வொருவரும் தனக்குப் பிறகு யாருமில்லை என்று நினைத்தவர். ஒவ்வொருவரையும் தன் கையாலோ அப்பா கையாலோ அடுத்தவனுக்கு முதுகாக்கியாயிற்று. ஆனால் இவர்களை ஏற்றி இறக்கி இப்படி அடுக்கியது அப்பாவுமில்லை, தானுமில்லை, தான் பிரார்த்தனைக் கூடத்தில் சண்டை போடும் அந்த ஆள்.

"என் தம்பி ஒரு பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்," என்றார். "அது தப்பில்ல. அவ்வளவுதான்."

"உன் தம்பி உள்ளேயே கிடந்து அழுகுவான்!" ஜால்ரா கத்தியது மைக்கிலேயே கேட்டது.

"அதை முடிவு பண்ற ஆள் நீங்க இல்லைங்க. கீழ கிடக்கிறவங்களும் இல்ல."

அன்று மாலை தம்பி வீட்டுக்கு வரவில்லை. அக்காவை இழுத்துப் போய் விசாரித்தார்கள். ஆனால் படங்களை எரிக்காததற்கு வழக்குப் போட்டால் அலுவலகக் கூடத்திலேயே அவை தொங்கியதையும் எழுத வேண்டியிருக்கும் என்று யாருக்கோ உறைத்தது. விட்டுவிட்டார்கள். அரசாங்க வேலை கடைக்கு நின்றுபோனது. தம்பி மனைவி அட்டை வெட்ட வந்தாள். ஆனால் அக்காவோடு பேசுவதில்லை. ஒரு நாள் கத்தியை வைத்துவிட்டு, "உங்க கடவுளும் நீங்களும் சேர்ந்து என் வீட்டுக்காரரைப் பலி குடுத்துட்டீங்க" என்றாள். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

பிரார்த்தனைக் கூடத்தில் பேசினார். "நீ இருக்கேன்னு நம்பித்தான் அந்த வார்த்தையைச் சொல்லல. இப்ப அவ முகத்தைப் பார்க்க முடியல. என்னால முடிஞ்சதை நான் செஞ்சாச்சு, மிச்சம் உன் பாடு. ஆனா ஒண்ணு, நீ செய்யற வரைக்கும் தினமும் வந்து கத்துவேன். காது வலிச்சா எனக்குத் தெரியாது."

தினமும் போனார். தினமும் கத்தினார். நம்பிக்கை என்றால் சாந்தமான முகம் என்று நினைத்துக்கொண்டிருந்த பெரியவர், இந்த அம்மாவைக் கூடத்துக்கு வராமல் நிறுத்தலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.

அதிபர் வைத்தியத்துக்கு வெளிநாடு போனார். திரும்பி வந்த விமானத்தை இறங்க விடவில்லை. அவருடைய தளபதிகளே செய்த வேலை. தெருவில் ஒரு கல் கூட விழவில்லை. சிறைக் கதவுகள் திறந்தன. தம்பி நடந்தே வந்தார். பாதி உடம்புதான் மிச்சம். இடப்பக்கம் நின்று பேசினால் திரும்பவில்லை. அந்தக் காதில் அடித்திருக்கிறார்கள். மனைவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அக்காவையும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பெரியவர் பழத்தோடு வந்தார். "பார்த்தியாம்மா, ஆண்டவன் சித்தம்."

"அவன் உட்கார்ந்ததும் சித்தம்னீங்க, இறங்கினதும் சித்தம்ங்கிறீங்க. ரெண்டும் சரி, ஒத்துக்கிறேன். நடுவுல நீங்க பயந்தீங்களே, அதையும் அவர் தலையில கட்டாதீங்க."

அன்று கூடத்தில் அக்கா நன்றி சொன்னார், அவர் பாணியில். "குடுத்துட்டே, சரி. அந்தக் காதை ஏன் விட்டுட்டே? அதுக்கு நீ எனக்குப் பதில் சொல்லணும். சொல்லுவே. காத்திருக்கேன்."

அந்த வாரமே வேன் வந்து நின்றது. புது அதிபரின் படங்கள் இறங்கின. கூடவே காலிச் சட்டமாகிவிட்ட அந்தப் பெரிய பிரேமும், பின்னால் ஜால்ராவும். அவர் சிரிப்பு மாறவில்லை. "பழசை மறந்துடுவோம்மா. நம்ம தலைவர் தங்கமானவர்."

அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தம்பி வலப்பக்கமாக வந்து நின்று எட்டிப் பார்த்தார். "ஆள் எப்படிக்கா?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கான். எல்லாருமே முதல்ல நல்லாத்தான் இருந்தாங்க."

பிறகு எதிர்க்கடைத் தச்சரைக் கூப்பிட்டு, பிரேமை மேசைமேல் கவிழ்த்துக் காட்டினார்.

"இந்தக் காடியை இன்னும் ஆழமா இழைச்சுக் குடுங்கண்ணே."

"எவ்வளவு ஆழம்?"

"மரம் தாங்கற வரைக்கும்."