சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் போட்ட சைக்கிள் பாதை

பாதை போடுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு: நீங்கள் எதை அளந்தாலும் ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்க்கும், ஆனால் எதற்கு அளக்கிறீர்கள் என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான புதிதில் எனக்கு அந்த வேலை வாய்த்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, சந்தை எல்லாவற்றையும் இணைத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஊர் முழுக்கத் தனிப் பாதை. அதற்குத் திட்டம் வரைந்து கொடுக்கிற பொறுப்பை நான் இருந்த தனியார் கம்பெனி எடுத்திருந்தது. வரைபடம் போடுகிறவன் நான். டேப் பிடிக்கிறவர் தங்கராசு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிடப் பத்து மடங்கு பொறுமைசாலி.

பஸ்ஸை விட்டு இறங்கி, நிறுத்தி வைத்த பைக்குக்கும் உரசிக்கொண்டு வரும் லாரிக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்கள் நம்ம கட்சி. உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். நான் திருக்கோவிலூரிலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறவன். தெருமுனைக் கடைக்கும் பைக்தான். சைக்கிளா? ஏழாம் வகுப்பில் வாடகை சைக்கிளில் ஏறி நேராக ஒரு எருக்குழியில் போய் இறங்கினேன். அதோடு சரி. இந்த விஷயம் கம்பெனிக்கும் தெரியாது, தங்கராசுவுக்கும் தெரியாது.

டேப்பை நீட்டினால்

முதல் நாள் துருகம் ரோட்டில் டேப்பை நீட்டினோம். அவ்வளவுதான். டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். பெஞ்சை உள்ளே இழுத்தார். போர்டை உள்ளே இழுத்தார். தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சோடு சேர்ந்து உள்ளே போனார்கள். பக்கத்துச் செருப்புக் கடை, அதற்கடுத்த செல்போன் கடை என்று தெருவே ஒரு முழம் பின்னால் நகர்ந்தது.

“இடிக்க வரலைங்க, ஜனங்க நடக்கறதுக்குப் பாதை போட அளக்கறோம்” என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பயம் தெளிந்தது, கோபம் வந்தது. சுருட்டிய தார்ப்பாயைப் பழையபடி இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

“நடக்கறதுக்கா? இம்மா நேரமா நாங்க இன்னா சார் பறந்துக்கினா இருந்தோம்?”

அ, ஆ, இ

அளந்து முடிந்ததும் ஜனங்களிடம் கேள்வி கேட்க வேண்டும். கம்பெனி அச்சடித்துக் கொடுத்த தாளில் ஒரு கேள்வி: ‘அன்றாடத் தேவைக்கு அதிகபட்சம் எவ்வளவு நேரம் நடக்கத் தயாராக இருக்கிறீர்கள்?’ அ, ஆ, இ என்று பதில்கள் மூன்று. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். கேள்வியை எழுதியவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். நான் மட்டும் என்ன யோக்கியம், எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் தெரிந்தது.

சந்தையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சாமை மூட்டையோடு வந்திருந்த ஒருவரிடம் கேட்டேன். “போறதுக்கா, வர்றதுக்கா?” என்றார். போவதற்கு என்றேன். யோசித்தார். மலையிலே அவர் குடியிருக்கிற இடத்திலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு வரவே விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறிவிடுமாம். “அதுக்கு இதுல எடம் இருக்குதா பாரு” என்று தாளை எட்டிப் பார்த்தார். இல்லை. தங்கராசு பெரிய மனது பண்ணி, பதினைந்து நிமிடத்தில் டிக் போடட்டுமா என்று கேட்டார். மனிதர் சிரித்த சிரிப்பில் சாமை மூட்டையே குலுங்கியது.

“பாஞ்சு நிமிசம் ஒரு நடையா? அது எந்திரிச்சி வேட்டிய ஒதறிக் கட்டறதுக்கே ஆயிடுமே!”

தலைப்புக்கு அடியில் ஒரு காலனி

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். என் வரைபடம் பைபாஸ் ரோட்டோடு முடிந்திருந்தது. அதற்கு அந்தப்பக்கம் காகிதத்தில் காலி இடம். காலி இடத்தில் திட்டத்தின் தலைப்பு, கம்பெனி முத்திரை, வடக்கு காட்டும் அம்புக்குறி எல்லாம் ஜோராகப் போட்டிருந்தேன். தாளைத் தூக்கிக்கொண்டு பைபாஸைத் தாண்டிப் போனபோதுதான் தெரிந்தது, தலைப்புக்கு அடியில் ஒரு காலனியே இருக்கிறது. அறுபது எழுபது வீடுகள். எல்லாரும் களை எடுக்கவும் நாற்று நடவும் கூலிக்குப் போகிறவர்கள். எனக்கு மானம் போயிற்று.

அங்கே அஞ்சலை என்கிற அம்மாள் என் கையைப் பிடிக்காத குறையாக வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள் ரேவதிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள், சுவரில் சாய்ந்து நின்றது. ஹேண்டில்பாரில் சுற்றிய பிளாஸ்டிக் கவர் இன்னும் கிழிக்கப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக பைபாஸ்தான் வழி. அதில் வருகிற லாரிகளைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் மனசு வராது. பஸ் காலையில் ஒன்றே ஒன்று. அதைத் தவறவிட்ட நாளெல்லாம் பெண்ணுக்கு லீவு. இந்த வருஷம் அப்படியே போனால் படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு அடிபடுகிறது.

“பைபாஸுக்கு அடியால பாலம் கீது, வாய்க்கா கரையிலேயே வந்தா நேரா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஏறிடலாம் சார். முள்ளும் வைக்கப்போரும் அடைச்சிக்கினு கெடக்குது” என்றார் அஞ்சலை. நான் அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்துத் தலைப்பைக் குறுக்கே அடித்தேன். அடித்துக்கொண்டே அஞ்சலையைக் கேட்டேன், சைக்கிளை யாருமே தொடுவதில்லையா என்று.

“சாயங்காலத்துல நான் கோயில் மைதானத்துல சுத்திக் கத்துக்கினேன். மத்த நேரம் அதும்மேல துணி காயப்போடறோம் சார்!”

வெள்ளைக் கோடு

வாய்க்கால் கரை பொது இடம்தான். ஆனால் நடுவில் சின்னதம்பி என்பவரின் வைக்கோல் போர் மலை மாதிரி நின்றது. மூன்று தடவை போய்க் கெஞ்சினோம். முதல் தடவை மோர் கொடுத்தார். இரண்டாம் தடவை தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் தடவை நாயை அவிழ்த்துவிட்டார். திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டிய பொறியாளர் பார்வையிட வரும் நாள் நெருங்கிவிட்டது. போர் இருந்தால் என்ன, பாதை எப்படிப் போகிறது என்றாவது தெரியட்டும் என்று தங்கராசுவிடம் சொல்லி, காலனியிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் கரையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடச் சொன்னேன். போரைச் சுற்றி வளைத்து முள்ளுக்குள் புகுந்து அவர் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனார்.

நம்ம பக்கத்தில் ரோட்டின் இரண்டு ஓரமும் வெள்ளைப் பொடி போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உங்களுக்கே தெரியும். எனக்கு அது அப்போது தோன்றவில்லையே! மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன்: முள்ளைக் காணோம். கரை பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கிறது. மாவிலைத் தோரணம். அடுக்கடுக்காகக் கோலம். வைக்கோல் போர் இருந்த இடம் மொட்டைத் தலையாகக் கிடக்கிறது. அந்த மொட்டையின் நடுவில், தேய்த்த வெள்ளைச் சட்டையும் கையில் மனுவுமாகச் சின்னதம்பி. “மந்திரி எத்தினி மணிக்கு?” என்று என்னைக் கேட்டார்.

தங்கராசு என் காலை மிதித்தார். சொல்லாதீர்கள் என்று அர்த்தம். எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். மந்திரி யாரும் வரவில்லை, இது பிள்ளைகள் சைக்கிளில் போகிற பாதைக்கான கோடு என்று உள்ளதைச் சொன்னேன். மனிதர் மனுவை நாலாய் மடித்துப் பையில் வைத்தார். வீட்டுப்பக்கம் மாற்றிப் போட்ட போரைப் பார்த்தார், வெட்டவெளியைப் பார்த்தார். நாய் எங்கே கட்டியிருக்கிறது என்று கண்ணாலேயே தேடினேன்.

“அட போ சார், மறுபடியும் தூக்கிப் போட எவனால ஆவும், இடுப்பு வுட்டுப்போச்சி! பசங்க போவட்டும், ஆனா என்னிக்காவது மந்திரி வந்தா இந்த வழியாத்தான் இட்டாரணும், சொல்லிட்டேன்.”

மதகுத் திருப்பம்

இரண்டு நாள் கழித்துப் பொறியாளர் அம்மா வந்தார். கறாரான பெண்மணி, பார்வையிட வந்தால் காரில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் இல்லாதவர். கோலம் கலையாமல் ஓரமாகவே நடந்தார். எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், மதகு இருக்கிற இடத்தில் நின்றுவிட்டார். அங்கே கரை குறுகி, வாய்க்காலை ஒட்டி வளைகிறது. “பின்னால ஆளோ மூட்டையோ இருந்தா சைக்கிள் இதுல திரும்புமா? திரும்பலைன்னா இந்தத் துண்டை எடுத்துடுவேன். பாதை பைபாஸ் வழியாத்தான்” என்றார். காலனியே கரையில் நின்றது. சீருடை போட்டுப் பையை மாட்டிக்கொண்டு ரேவதியும் நின்றாள். அன்றைக்கும் பஸ் போய்விட்டிருந்தது.

“போட்டவர் நீங்கதானே, ஓட்டிக் காட்டுங்க” என்றார் அம்மா. எருக்குழி கண்ணுக்குள் வந்து போனது. “மேடம், எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது” என்றேன். கரையே அதிர்கிற மாதிரி சிரிப்பு. தங்கராசு தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தைவிட எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. என் ஒருவனால் அந்தப் பெண்ணின் பாதை போய்விடுமே என்று.

அதற்குள் அஞ்சலை வீட்டுக்கு ஓடி சைக்கிளோடு வந்தார். பிளாஸ்டிக் கவரைப் பல்லால் கடித்துக் கிழித்தார். புடவையை இழுத்துச் செருகினார். “ஆளு வேணும்னுதான சொன்னீங்க மேடம்? தோ, சார் கீறாரு” என்று என்னைக் காட்டினார். வரைபடச் சுருளோடு நான் கேரியரில் ஏறினேன். ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன், அதை மறைப்பானேன். சக்கரத்துக்கடியில் சரளைக்கல் நொறுங்கியது. வலதுபக்கம் தண்ணீர் சத்தம். “காலத் தூக்கு சார்!” என்று ஓர் அதட்டல். தூக்கினேன். வண்டி சாய்ந்தது, வளைந்தது, நிமிர்ந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, மறுபடியும் அதே வளைவு. கைதட்டலும் விசிலும் காதைப் பிளந்தன. கண்ணைத் திறந்தால் பொறியாளர் அம்மா என் கையிலிருந்த சுருளை வாங்கி விரித்து, மதகுக்குப் பக்கத்தில் பச்சை மையால் ஒரு டிக் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வண்டி நின்றதுகூடத் தெரியாமல், கேரியரை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அஞ்சலை திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. வண்டிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு ரேவதி.

“எறங்குங்க சார், மணி அடிச்சிடப் போறான். பொண்ணு ஏறணும்.”

பைக் எதுவும் உள்ளே வரக்கூடாதென்று பாதையின் இரண்டு முனையிலும் கல் நடச் சொல்லி வரைந்த மகானுபாவன் நானேதான் என்பதால், இப்போது அந்தப் பாதையை ஆசையாகப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் பைக்கை வெளியே நிறுத்திவிட்டு நடந்து தொலைக்கிறேன்.