சந்தனம் பூசிய பேட்டரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் கணவருக்குக் கோபத்தைவிட வீம்புதான் அதிகம். கோபம் பெய்து ஓய்ந்துவிடும். வீம்பு அப்படியா? நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

ஐப்பசியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. பக்கவாதம். பிழைத்து வந்ததே பெரிது. கால் தேறியது, பேச்சும் மெதுவாகத் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. பெரம்பலூரில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தச் சில மாசந்தாங்க கணக்கு. இப்ப விட்டுட்டீங்கன்னா அப்புறம் தலைகீழா நின்னாலும் கை வராதுங்க" என்றாள்.

ஒருமுறைதான் போனோம், ஆட்டோவில். ஏற்றும்போது தெருவில் நாலு பேர் கை கொடுத்தார்கள். இறக்கும்போது வேடிக்கை பார்க்க இன்னும் நாலு பேர். வீடு திரும்பியதும், "இனி போறதா இருந்தா என் வண்டியிலதான் போவேன்" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு வாசல்படி இறங்கவே இல்லை.

அவர் வண்டி என்பது எங்கள் அரியலூர் வீட்டின் முன்னால், வேப்பமரத்தடியில் நிற்கும் பழைய வெள்ளைக் கார். ஓட்ட எனக்கும் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்தியே சொல்லிக்கொடுத்ததால் தெருமுனையைத் தாண்டி ஓட்டியதில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் வைராக்கியமாகப் போய்ச் சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருகினால் மறுபடி 'டிக்'. மெக்கானிக்கைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, "எவனும் என் வண்டியில கை வெக்கக் கூடாது" என்று ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"எவளாவது வெக்கலாமா?" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

மாசி மாதத்து மதியம். மரம் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சத்தம், தூக்கத்தில் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியின் இரண்டு முனைகளிலும், அவற்றைக் கவ்வியிருந்த கேபிள்களிலும் வெள்ளையும் பச்சையும் நீலமுமாக ஏதோ பூத்துப்போயிருந்தது. எங்கள் பக்கம் கிணறு தோண்டினால் சங்கும் கிளிஞ்சலும் வரும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடல்தான் வழி தவறி இந்த வண்டிக்குள் வந்து ஒளிந்துகொண்டதோ என்று தோன்றியது. பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றிருப்பேன் போல.

"என்ன, சாமி வந்துடுச்சா?" என்றார் ஜன்னலிலிருந்து. எப்படி இருக்கிறது என்று சொன்னேன். "கேபிள் அரிச்சுப் போச்சு. ரெண்டையும் மாத்தணும்" என்றார். கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று புதுக் கேபிள்கள் வாங்கி வந்தேன்.

"மைனஸ மொதல்ல கழட்டு. அத மறந்துடாத" என்றார்.

எது மைனஸ்? அதுதான் சிக்கல். பூத்துப்போனதில் இரண்டு கேபிளும் ஒரே நிறம். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு முனையிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். எல்லாம் இவர் வேலை. மனிதர் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நாங்கள் குடும்பத்தோடு காணிக்கைத் தானியம் கொண்டுபோனாலும், வெளியே வண்டிக்குக் காவல் என்று நின்றுவிடுவார். ஆனால் ஆயுத பூசை வந்தால் விடிவதற்குள் குளித்துவிட்டு, சக்கரத்துக்குப் பொட்டு, ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கடைசியாகப் பானட்டைத் திறந்து பேட்டரிக்கு அபிஷேகம். "உசுரு இங்கதான இருக்கு" என்று சந்தனத்தை அப்பி, பன்னீரும் தெளிப்பார். வருடா வருடம் ஈரம் ஏறி, அடைமேல் அடையாகி, பிளஸ் குறியும் மைனஸ் குறியும் அதற்குள் புதைந்துபோய்விட்டன.

ஜன்னலைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். எனக்கும் கொஞ்சம் வீம்பு ஒட்டியிருந்தது. கைக்கு எட்டிய முனையில் ஸ்பேனரை மாட்டித் திருகினேன். அதன் வால் பக்கத்துத் தகரத்தில் இடித்தது. 'சட்' என்று ஒரு நீல வெளிச்சம். ஸ்பேனர் எங்கோ போய் விழுந்தது, நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

"அறிவு இருக்கா ஒனக்கு?"

குரல் ஜன்னலிலிருந்து வரவில்லை. திரும்பினால், கைத்தடிகூட இல்லாமல், இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்குக் கீழே நிற்கிறார். இறங்கி வந்துவிட்டார். "பிளஸ்ல கை வெச்சிருக்க. கண்ணு தெரியல? கைய பொசுக்கிக்கவா பாக்குற?" என்று எனக்கு மண்டகப்படி நடந்தது. அவர் என்னைத் திட்டி எத்தனை காலமாயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அந்தத் திட்டைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு விட்டா எது பிளஸ்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"யாரு வெச்சது?"

"ம், பக்கத்து வூட்டுக்காரரு."

சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போன சிரிப்பு. அதுவே போதுமாக இருந்தது.

பிறகு என் இரண்டு கைகளும் அவருடைய ஒரு கையுமாக வேலை நடந்தது. மைனஸ் கழன்றது, பிளஸ் கழன்றது. பிளஸ் கேபிளின் மறுமுனை கீழே ஸ்டார்ட்டர் மோட்டாரில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. இடுக்கில் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னும் கீழ. இடப் பக்கம். ஆங், அதான்" என்று காதருகே அவர் குரல். இருட்டில் என் விரல்கள் நடந்தன, வழி அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தேனோ, முதுகில் இலைகள் விழுந்துகொண்டிருந்தன.

அடையைக் கரைக்க வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கலந்து கொண்டுவந்தேன். ஊற்றியதும் முனைகள் இரண்டும் சீறி நுரைத்தன. அடுத்து பேட்டரியின் மேல்மூடி. செம்பைச் சாய்க்கப் போனவள் நிறுத்திவிட்டேன். மூடியின் நடுவில் போன ஆயுத பூசைச் சந்தனம் காய்ந்திருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் தடம், ரேகைகூடக் கலையாமல். வலது கட்டைவிரல்.

அவரும் பார்த்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி, அந்தக் கட்டைவிரலைக் கொண்டுபோய்த் தடத்தின் மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்துக்கொண்டார்.

"ஊத்து."

"அது மட்டும் இருக்கட்டுமேங்க."

"ஊத்துடி. வர்ற பூசைக்கு நான் வெக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை, செம்பைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டேதான் ஊற்றினேன். மஞ்சளாகக் கரைந்து, மண்ணில் இறங்கிப் போயிற்று.

புதுக் கேபிள்களில் சிவப்பை முதலில் மாட்டி, அப்புறம் கறுப்பு. முனைகளில் வாசலின் தடவச் சொன்னார். "பூசைக்கும் இதையே தடவிக்கலாம்" என்று நான் சொன்னதற்கு முறைத்தார். பானட்டை மூடிவிட்டுப் போய்ச் சாவியைத் திருகினேன். 'டிக்' இல்லை. வண்டி ஒரு முறை கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது. புகையும் சருகுமாகக் கிளம்பியதில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. பானட்டின் மேல் கையை வைத்து, அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை பெரம்பலூருக்குப் புறப்பட்டோம். அவரே நடந்து வந்து, அவரே ஏறி, எனக்கு இடப் பக்கம் உட்கார்ந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயவைத்திருந்தார்கள். பனி முழுக்க விலகவில்லை. மஞ்சளுக்கும் பனிக்கும் நடுவில் வண்டி மிதப்பதுபோலப் போனது. கியர் மாற்றும்போதெல்லாம் கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவே இல்லை. குன்னத்துக்குத் திரும்பும் ரோடு வந்தபோது, தன் வலது கையை இடது கையால் தூக்கிக் கியர்க் கம்பியின் தலையில் வைத்தார்.

"மேல ஒங்கைய வெச்சு மாத்து" என்றார்.

சில்லென்று இருந்தது அந்தக் கை. அதன் மேல் என் கையை வைத்து இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றிக்கொண்டே போனேன். சோளக் காடுகள் முடிந்து பருத்திக் காடு வந்தது. நாலாவதுக்கு மாற்றிவிட்டுக் கையை எடுக்கப் போகும்போது, என் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ அசைந்தது. துளிதான், கட்டைவிரல் பக்கம். நம்பி ஏமாந்துவிடக் கூடாதே என்று பயம்.

"ரோடு ரொம்ப மோசம்" என்றேன்.

அவர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரோடு இல்ல. நாந்தான்."