தம் கட்டிய நாகப்பன்

குமணன்சாவடி நாகப்பன் ஆறு வருஷமாகச் சைக்கிளில் பூக்கூடை கட்டிக்கொண்டு பட்டணம் போய் வந்தவன். மழைக்காலத்தில் பூவும் இல்லை, வேலையும் இல்லை. அந்த இரண்டு மூன்று மாதம் அவன் மனைவி நாகவல்லி படும் பாட்டைச் சொல்லி மாளாது. யுத்தத்தின்போது ஆவடிப் பட்டாளத்து முகாமில் தபால் கொண்டு போக ஒரு சைக்கிள்காரன் வேண்டுமென்று தெரிந்ததும், இதை விட்டால் வேறு கதியில்லை என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போய்த் திரும்ப வேண்டும்; முதலில் வருகிறவனுக்கு வேலை.

அவள் அண்ணன் கோவிந்தன் சைக்கிள் பந்தயத்தில் கோப்பை வாங்கியவர். அதை ஊரில் ஒருவரையும் அவர் மறக்க விட்டதில்லை. ஒரே சீராக மிதித்தால் தம் ஏறாது; ஒரு பர்லாங் தம் கட்டி ஓட்டு, அடுத்த பர்லாங் மெதுவாகப் போய் ஆற விடு, இப்படியே பத்துத் தடவை மாற்றி மாற்றி ஓட்டு என்று நாகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு மாதம் ஓட்டினான். தினமும் உதடு நீலம் பாரித்து, கண் செருகி, வாசலில் வந்து விழுந்தான். உடம்பே சொத்தை என்றார் கோவிந்தன். யார் மேல் எரிந்து விழுவது என்றே நாகவல்லிக்குத் தெரியவில்லை.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கையில், தானே பார்த்துவிடுவது என்று கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். வேகமாகப் போகும்போது எது கேட்டாலும் பதில் இல்லை. பர்லாங் கல் தாண்டியதும் புஸ்ஸென்று மூச்சு விட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். மூன்றாம் தடவை சைக்கிள் வாய்க்கால் பக்கம் சாய, அவள் குதித்து இறங்கினாள்.

"யோவ், மூச்ச அடக்கிகினா ஓட்டுற?"

"மச்சான்தாம்மே தம் கட்டி ஓட்டச் சொன்னாரு."

முழு பலத்தோடு மிதி என்றதற்கு மூச்சையே கட்டிவிட்டான். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

"மூச்சு வுட்டுத் தொலைய்யா" என்றாள்.

மிச்சமிருந்த நாட்களில் மூச்சு விட்டு ஓட்டினான். போட்டியில் முதலாவதாக வந்தான். எல்லாம் தன் வித்தைதான் என்று கோவிந்தன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாகவல்லி வாயைத் திறக்கப் போனாள். நாகப்பன் அவளைத் தனியே இழுத்துக் கெஞ்சினான்.

"மச்சாங்கிட்ட மட்டும் மூச்சு வுடாதேமே."