கிரிவலப் பாதையில் டி.என்.ஏ.

திருவண்ணாமலையில் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, துணிச்சலாக விலங்கியலில் போய்ச் சேர்ந்தவன் நான். மறுநாள் செமினார். தலைப்பு, டிஆக்சிரைபோநியூக்ளேயிக் ஆசிட். டி.என்.ஏ. என்று சுருக்கித் தப்பிக்கக் கூடாதாம்.

முந்தைய செமினாரில் இதைவிடக் குட்டி வார்த்தையின் நடுவிலேயே சிக்கி, தண்ணீர் குடிக்கப் போனவன் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. இந்த முறையும் ஓடினால் இன்டர்னல் மார்க் கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நல்ல காய்ச்சலாகக் கொடு சாமி என்று வேண்டிக்கொள்ளத்தான் அன்றைய பௌர்ணமி கிரிவலமே.

கூட வந்தவன் அடி அண்ணாமலையைச் சேர்ந்த வகுப்புத் தோழன். என் வேண்டுதலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"முழுசா முழுங்கப் பாக்காதடா. துண்டு துண்டா பிச்சி, நடந்துகினே சொல்லு."

ஓர் அடிக்கு ஒரு துண்டு. டி, ஆக், சி, ரை, போ, நியூ, க்ளே, யிக். 'க்ளே' வரும்போது மட்டும் காலை ஓங்கி வைக்க வேண்டும், அழுத்தம் அங்கேதானாம். வெறுங்காலில் கல் குத்துமே என்றால், குத்தினால்தான் மறக்காது என்கிறான் பாவி.

மாலை வெயிலில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தோம். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்தும் அதே சத்தம். திரும்பினால், முன்பின் தெரியாத ஓர் அம்மா கைகூப்பியபடி 'க்ளே'வுக்குச் சரியாகக் காலை ஓங்கி வைத்து வருகிறார். அவர் பின்னால் அவருடைய ஊர்க்காரர்கள்.

"எந்த சாமி மந்திரம்ப்பா இது? நல்லாக்கீது."

அசடு வழிந்தபடி செமினார், காய்ச்சல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தால், மூச்சு வாங்கச் சிரித்தார்.

"எனக்கு ஏபிசிடியே தெரியாது, நானே சொல்லிட்டேன். நீ சொல்ல மாட்டியா? நட, நாங்களும் கூட சொல்லிகினு வர்றோம். சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

ராஜகோபுரம் வரை அத்தனை பேரும் எனக்காக டி.என்.ஏ. ஜெபித்தார்கள்.

மறுநாள் காய்ச்சல் வரவில்லை. வகுப்பில் நின்றுகொண்டு வாயைத் திறந்தால் வார்த்தையும் வரவில்லை. நடந்தேன், வந்துவிட்டது. கரும்பலகைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்து, 'க்ளே'வுக்கெல்லாம் தரை அதிர ஒரு மிதி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் முழுவதையும் பேசி முடித்தேன். மார்க் போட்டாயிற்று, இனியாவது உட்கார் என்று பேராசிரியரே கெஞ்ச வேண்டியதாயிற்று.

இப்போதும் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனால், பக்கத்தில் ஏதாவது கூட்டம் தெலுங்கில் பாடிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நானும் சேர்ந்து சொல்கிறேன், அதில் யாருக்குத் துணை தேவைப்படுகிறதோ, யார் கண்டது.