உம் கொட்டாத கணினி

லிஃப்ட் பழுது பார்க்கும் என் அக்கா, வீட்டில் ஒரு பழைய கணினிக்குத் தானே இயங்குதளம் எழுதினாள். அந்தக் கணினியில் நேரத்தை எண்ண உதவும் டைமர் சில்லு நொடிக்கு நூறு தடவை தட்டவேண்டும். அதுவோ ஒரே தடவை தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அன்று போனில் நான் மாமியார் கதையைச் சொல்லச் சொல்ல, அவளிடம் சத்தமே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உம் கொட்டுக்கா! இல்லன்னா நான் எதுக்கு மேல சொல்லணும்?"

"ஐயோ, அதுதான்டி!" என்று கத்தினாள். ஒவ்வொரு தட்டலுக்கும் 'கேட்டேன்' என்று சில்லுக்குப் பதில் சொல்லும் நிரல் வரியை அவள் எழுதவே இல்லையாம். கீபோர்டு படபடத்தது. பிறகு, குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோல் மெல்லச் சொன்னாள்.

"திரையில தட்டல் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்குடி. இத்தனை நாளா அது பேசக் காத்துக்கிட்டு இருந்திருக்கு."

மாமியாரை மறந்து, நான் "உம்" என்றேன்.